சுற்றாத மோட்டாரின் சூடு

எரிந்துபோன மோட்டாருக்கென்று ஒரு வாசனை உண்டு. வார்னிஷும் பருத்தி நாடாவும் சேர்ந்து கருகிய வாசனை. பங்காருபாளையத்தில் என் மாமா வைத்திருந்த ரீவைண்டிங் கடைக்குள் ஒரு நாள் உட்கார்ந்தால் அது சட்டையில் ஏறிக்கொள்ளும்; இரண்டு முறை துவைத்தாலும் போகாது. 1979இல், பதினேழு வயதில், குடியாத்தத்திலிருந்து அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தேன். பகலில் சித்தூரில் கல்லூரி, மாலையில் கடை. அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருஷம் பௌதிக ஆசிரியராக இருந்துவிட்டேன். விசை, வேலை, திறன் என்ற மூன்று சொற்களை அந்த வருஷங்களில் எத்தனை ஆயிரம் முறை கரும்பலகையில் எழுதியிருப்பேனோ தெரியாது. அந்த மூன்றையும் எனக்கு முதலில் காட்டியது அந்தக் கடைதான்.

கிணற்று மோட்டார் எரிந்து வண்டியில் வந்து இறங்கினால், மாமா அதைத் திறப்பதற்கு முன்னால் விவசாயியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "ஓடி எரிஞ்சுதா, நின்னு எரிஞ்சுதா?"

ஓடி எரிந்தது என்றால் மூன்று பேஸில் ஒன்று அறுந்துபோய், மிச்சம் இரண்டில் ஓடி ஓடிக் காயில் கருகியிருக்கும். திறந்து பார்த்தால் சில காயில் கறுப்பாகவும் சில காயில் புதுசுபோலவும் இருக்கும். நின்று எரிந்தது என்றால் பேரிங் பிடித்திருக்கும், இல்லை இம்பெல்லரில் மணல் சிக்கியிருக்கும். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் 'உம்' என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு அப்படியே நிற்கும். வழக்கமாக எடுக்கும் கரண்டைப்போல ஐந்து மடங்கு, ஆறு மடங்கு எடுக்கும். ஸ்டார்ட்டர் சரியாக விழவில்லையென்றால் கொஞ்ச நேரத்தில் எல்லாக் காயிலும் ஒரே சீராகக் கருகிவிடும். ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கூடச் சுற்றியிருக்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே வந்திருக்காது.

கல்லூரியில் வேலைக்கான சூத்திரத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். விசையை, அந்த விசையின் திசையில் நகர்ந்த தூரத்தால் பெருக்கு. நகரவில்லை என்றால் வேலை சுழி. அன்று மாலை கடையில் நின்று எரிந்த மோட்டார் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சூத்திரப்படி இது செய்த வேலை சுழி. ஆனால் இத்தனை செம்பும் கருகிக் கிடக்கிறதே என்று கையில் எடுத்துப் பார்த்தேன். பதில் அப்போது தோன்றவில்லை. பல வருஷம் கழித்து ஒரு பெண் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிவந்தபோதுதான் தோன்றியது.

1986இல் வீட்டுத் திண்ணையில் டியூஷன் ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு சங்கடம் உண்டு. சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. தமிழ் பேசும் வீடுகள் இன்னும் ஏராளம். பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கில் படிப்பார்கள். தெலுங்குப் புத்தகத்தில் விசைக்கு 'பலம்' என்று பெயர். திறனுக்கு 'சாமர்த்தியம்'. தமிழ் வீட்டுப் பிள்ளையின் காதில் பலம் என்றால் உடம்பில் இருப்பது. பயில்வானுக்கு உண்டு, நோயாளிக்குக் கிடையாது. சாமர்த்தியம் என்றால் கெட்டிக்காரத்தனம். "மோட்டாரின் சாமர்த்தியம் என்ன?" என்று கேள்வி வந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? தமிழ்ப் புத்தகம் வைத்துப் படிப்பவர்களுக்கும் நிலைமை ரொம்ப மேல் என்று சொல்ல மாட்டேன். திறன் என்ற சொல்லும் ஆளுடைய சொத்துப்போலத்தான் ஒலிக்கிறது. 'வேலை' என்ற சொல்லோ எல்லாவற்றிலும் கனமானது. கூலிக்காரர் வீட்டில் அது சோறு.

இதனால் என் திண்ணையில் ஒரு வழக்கம் வைத்தேன். கணக்கைப் படித்ததும் யாரும் பேனாவைத் தொடக் கூடாது. மூன்று கேள்விக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். யார் தள்ளுகிறது? எதைத் தள்ளுகிறது? தள்ளின பக்கமாக அது எவ்வளவு நகர்ந்தது? மூன்றுக்கும் பதில் வந்த பிறகு பெருக்கலாம். பெருக்கலில் தப்பு செய்கிற பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. எந்த எண்ணை எந்த எண்ணோடு பெருக்குவது என்பதில்தான் தொண்ணூறு சதவீதம் பேர் விழுவார்கள்.

மாங்காய் சீசன் எங்கள் ஊரின் திருவிழா. தோத்தாபுரியை இங்கே பெங்களூரா என்றும் சொல்வார்கள், தமிழ்நாட்டுப் பக்கம் கிளிமூக்கு. மாவட்டம் முழுக்கக் கூழ் எடுக்கும் தொழிற்சாலைகள். ஜூன், ஜூலையில் மார்க்கெட் யார்டில் மாங்காய் குன்று குன்றாகக் கிடக்கும். ஒன்பதாம் வகுப்புப் படித்த ஒரு பிள்ளை என்னிடம் டியூஷனுக்கு வந்தாள். அம்மா யார்டில் கூடை தூக்குகிறவர். நான் அன்றைக்குப் புத்தகத்தில் உள்ள உதாரணத்தைச் சொன்னேன்: தலையில் சுமையோடு சமதரையில் நடந்தால், சுமையைத் தாங்கும் விசை மேல்நோக்கி இருக்கிறது, நகர்வு பக்கவாட்டில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே 90 டிகிரி, ஆகவே சுமைமேல் அந்த விசை செய்த வேலை சுழி.

அவள் எழுந்து நின்றாள். "சார், எங்கம்மா காலையில ஆறு மணிக்குப் போனா சாயங்காலம் வரைக்கும் கூடை தூக்குறாங்க. ராத்திரி கழுத்து வலியில தூங்க மாட்டாங்க. அது சைபர்னு எழுதணுமா?"

"பரீட்சையில் அப்படித்தான் எழுதணும். எழுதிட்டு அடுத்த கணக்குக்குப் போ" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். எழுதவும் எழுதினாள். அந்த வாக்கியத்தைச் சொன்னதற்காக நான் இன்றும் வருந்துகிறேன். ஒரு பிள்ளை தன் தாயின் உழைப்பைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து பௌதிகத்திடம் நியாயம் கேட்டது. நான் மார்க்கைக் காட்டி அனுப்பிவிட்டேன். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அந்த இரண்டு நாளும் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. சூத்திரம் பொய்யில்லை, அவள் அம்மாவின் கழுத்து வலியும் பொய்யில்லை. அப்படியானால் சூத்திரம் எதை அளக்கிறது? கடையில் உட்கார்ந்து பழைய காயிலை உரித்துக்கொண்டிருக்கும்போது மாமாவின் கேள்வி காதில் விழுந்தது. ஓடி எரிஞ்சுதா, நின்னு எரிஞ்சுதா.

சாயங்காலம் யார்டுக்கே போனேன். அந்தப் பிள்ளையும் அங்கேதான் அம்மாவோடு மாங்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கூடையை நிறுத்துப் பார்த்தோம், 25 கிலோ. தரையிலிருந்து தலைக்கு ஒன்றரை மீட்டர். 25 பெருக்கல் 9.8 பெருக்கல் 1.5, ஏறக்குறைய 368 ஜூல். "நாளைக்கு எத்தனை கூடைம்மா?" என்று அவள் அம்மாவிடம் கேட்டேன். "இருநூறு இருக்கும் சார்" என்றார். அப்படியானால் 73,500 ஜூல். கலோரியில் சொன்னால் பதினெட்டு கிலோ கலோரிகூட வரவில்லை. ஒரு இட்லியின் சக்தியில் பாதிகூட இல்லை. சூத்திரம் காட்டும் முழு நாள் வேலை அவ்வளவுதான். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் சுண்டியது.

"இப்ப கேளு. இந்த 73,500 யாருக்குப் போச்சு?"

"கூடைக்கு."

"கூடைக்குக் கிடைச்சதைத்தான் புத்தகம் வேலைன்னு எழுதுது. உங்கம்மாகிட்ட இருந்து எவ்வளவு போச்சுன்னு புத்தகம் இந்தக் கணக்குல கேட்கவே இல்லை. அது தனிக் கணக்கு."

பிறகு நின்று எரிந்த மோட்டாரைப் பற்றிச் சொன்னேன். ஷாஃப்ட் சுற்றவில்லை, தண்ணீருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் கம்பியிலிருந்து கரண்ட் போய்க்கொண்டே இருந்தது, எல்லாம் சூடாகியது. தசையும் அப்படித்தான். கூடையைத் தலையில் வைத்து அசையாமல் நின்றாலும் தசைநார்கள் ஓய்வதில்லை. நரம்பிலிருந்து கட்டளை வினாடிக்குப் பல முறை வந்துகொண்டே இருக்கும். நாருக்குள்ளே நுண்ணிய கொக்கிகள் பிடித்து, இழுத்து, விட்டு, மறுபடி பிடிக்கும். ஒவ்வொரு பிடிக்கும் சாப்பாட்டிலிருந்து வந்த சக்தி செலவாகும். கடைசியில் அது வெப்பமாகிறது, வியர்வையாகிறது. அதோடு, ஒவ்வொரு முறை குனிந்து நிமிரும்போதும் தன் உடம்பின் பாரத்தையும் தூக்கியாக வேண்டும். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பு சில சென்டிமீட்டர் ஏறி இறங்கும். இப்படி உழைக்கும் உடம்பு நாளைக்கு இரண்டாயிரம் கிலோ கலோரிக்கு மேல் செலவழிக்கிறது. கூடைக்குப் போய்ச் சேர்ந்தது பதினெட்டு.

அவள் அம்மா நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டே நின்றார். "மோட்டாராச்சும் எரிஞ்சா உங்க கடைக்கு வருது சார்" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பிள்ளை மறுபடி டியூஷனுக்கு வந்தாள். அன்றிலிருந்து என் மூன்று கேள்வியோடு நாலாவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: யார் கணக்கில் எழுதுகிறோம்? கொடுத்தவர் கணக்கிலா, வாங்கியவர் கணக்கிலா?

இந்த நாலாவது கேள்வி இல்லாமல் திறன் பாடத்தை நடத்தவே முடியாது என்பது என் அபிப்பிராயம். மோட்டாரின் பெயர்ப்பலகையில் 5 எச்.பி., 3.7 கிலோவாட் என்று அடித்திருக்கும். அது ஷாஃப்ட் கொடுக்கிற திறன். லைனிலிருந்து அது எடுப்பது அதற்கு மேல்; பழைய மோட்டாராக இருந்தால் ஐந்து கிலோவாட்கூட எடுக்கும். தண்ணீருக்குப் போய்ச் சேருவது அதில் பாதியும் இருக்காது. ஒரே இயந்திரத்துக்கு மூன்று எண். பாடப்புத்தகம் 'மோட்டாரின் திறன்' என்று ஒற்றை எண்ணைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

குதிரைத்திறன் என்ற அளவே ஒரு வியாபாரக் கணக்கில்தான் பிறந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் வாட், தன் நீராவி இயந்திரம் எத்தனை குதிரைக்கு ஈடு என்று வாங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு குதிரை நிமிஷத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று வைத்தார். இன்றைய கணக்கில் 746 வாட். நாள் முழுக்க உழைக்கும் சாதாரணக் குதிரைக்கு அது அதிகம். எங்கள் ஊர் மாட்டுக்கு இன்னும் அதிகம். 400 கிலோ மாடு தன் எடையில் பத்தில் ஒரு பங்கு இழுவையோடு, வினாடிக்கு 80 சென்டிமீட்டர் நடந்தால் 310 வாட் சொச்சம் வரும். அரை எச்.பி.கூட இல்லை.

மாட்டைப் பற்றிச் சொன்னதும் கரும்பாலை ஞாபகம் வருகிறது. சித்தூர் வெல்லம் பெயர் பெற்றது. மாடு கட்டி ஆட்டிய ஆலைகளை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளையே இந்தக் கணக்கில் விழவைக்கலாம். மாடு ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது, இடப்பெயர்ச்சி சுழி, ஆகவே வேலை சுழி என்று எழுதுவார்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளைதான் இப்படி எழுதும். மாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கேட்டால் போதும்: "அது நடக்கிற பக்கம் சார்." நடக்கிற பக்கம் திரும்பத் திரும்ப இழுவையும் கூடவே திரும்புகிறது. அடிக்கு அடி பெருக்கிக் கூட்ட வேண்டும். 400 நியூட்டன் இழுவை, 3 மீட்டர் ஆரம் என்றால் ஒரு சுற்றுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு ஜூல். அவ்வளவு சாறும் அதிலிருந்துதான் பிழியப்பட்டது.

கவலை இறைத்ததை என் தாத்தா காலத்தார் சொல்லக் கேட்டிருக்கிறேன். ரெண்டு மாடு சரிவில் இறங்கி நடக்கும், தோல் சால் கிணற்றிலிருந்து மேலே வரும். சரிவு எதற்கு என்று டியூஷன் பிள்ளைகளைக் கேட்பேன். 100 லிட்டர் சால், 10 மீட்டர் ஆழம்: தண்ணீருக்குத் தேவை 9,800 ஜூல். மாடு ரெண்டும் சேர்ந்து 700 கிலோ, பத்து மீட்டர் நடக்கையில் ஒரு மீட்டர் இறங்கும் சரிவு என்றால், அவற்றின் எடையே 6,860 ஜூல் கொடுத்துவிடுகிறது. சும்மா கிடைத்ததா? சாலை இறக்கப் பின்வாங்கிச் சரிவில் ஏறியபோது மாடு முன்கூட்டியே கட்டிய பணம் அது. கடினமான வேலையைப் பாரம் இல்லாத நேரத்துக்கு மாற்றிவைத்த அந்தச் சரிவை முதலில் வெட்டிய ஆள் யாரோ, அவருக்கு நான் மானசீகமாக வணக்கம் சொல்வேன். சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆல்ஃப்ரட் சாட்டர்டன் ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் கிணற்று நீரிறைப்பை முறையாக ஆராய்ந்து, 1912இல் ஒரு புத்தகமே எழுதினார். எண்ணெய் என்ஜின் பம்புகளை மாகாணத்தில் பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

கவலை போய், திறந்த கிணறு போய், போர்வெல் வந்தது. தொண்ணூறுகளில் ஒரு கோடையில், ஊருக்கு வெளியே ஒரு போரில் மாமாவின் ஆட்கள் மோட்டாரை மேலே தூக்கினார்கள். டியூஷன் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். என் ஆசிரிய வாழ்க்கையில் நான் நடத்திய ஆகச் சிறந்த வகுப்பு அது.

90 மீட்டர் ஆழம். இரண்டு அங்குல ஜி.ஐ. பைப், ஆறு மீட்டர் நீளத்தில் பதினைந்து. முக்காலி நட்டு, செயின் புல்லி மாட்டியிருந்தார்கள். பைப் மீட்டருக்கு 5 கிலோ, மொத்தம் 450. பம்பும் மோட்டாருமாக 60. "510 கிலோ சார்" என்றார்கள் பிள்ளைகள். முக்காலியில் நின்ற ஆள் சிரிக்காமல் கேட்டார்: "உள்ள இருக்கிற தண்ணியை யார் தூக்குறது?" பம்புக்கு மேலே வால்வு இருக்கிறது, மோட்டார் நின்றாலும் பைப்புக்குள் நிற்கும் தண்ணீர் இறங்காது. மீட்டருக்கு 2.2 லிட்டர். அது ஒரு 200 கிலோ. கோடையாதலால் வெளியே தண்ணீர் பம்பை ஒட்டித்தான் நின்றது; தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை. ஆக 710 கிலோ.

உடனே ஒரு பையன் பெருக்கிவிட்டான். 710 பெருக்கல் 9.8 பெருக்கல் 90. ஆறு லட்சத்து இருபத்தாறாயிரம் ஜூல். நான் ஒன்றும் சொல்லவில்லை. "எல்லாம் மேலே வர்ற வரைக்கும் பாருங்க" என்றேன்.

முதல் பைப் மேலே வந்தது. கீழ்ப் பைப்பில் கிளாம்ப் போட்டு முறுக்கி, பைப் ரெஞ்சால் கழற்றினார்கள். கழன்றதும் அதிலிருந்த தண்ணீர் எல்லார் காலிலும் கொட்டியது. பைப்பை ஓரமாகப் போட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாவது பைப்பின்போது சங்கிலி இழுப்பவரின் உடம்பு அவ்வளவு வளையவில்லை என்பதை அந்த மாங்காய்க் கூடைக்காரரின் மகள்தான் முதலில் கவனித்தாள். "சார், பாரம் குறைஞ்சுக்கிட்டே வருது." பெருக்கிய பையன் நோட்டைப் பார்த்தான். 710 என்பது முதல் அடிக்கு மட்டும். கடைசியில் பம்பு மட்டும், அறுபது. மேல் பைப் சில மீட்டர்தான் ஏறியது. அடிப் பைப்தான் முழு ஆழமும் ஏறியது. பைப்புக்கும் தண்ணீருக்கும் சராசரி ஏற்றம் 45 மீட்டர். பம்புக்கு மட்டும் 90. மண்ணில் உட்கார்ந்து மறுபடி போட்டார்கள். பைப்பும் தண்ணீரும் 2,86,650, பம்பு 52,920. மொத்தம் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ஜூலுக்குச் சற்றுக் குறைவு. முதலில் போட்டதில் பாதியை ஒட்டி.

விசை மாறிக்கொண்டே இருந்தால் வரைபடத்தின் கீழுள்ள பரப்பைக் காண வேண்டும் என்று பிற்பாடு இண்டர்மீடியட்டில் அவர்கள் படித்திருப்பார்கள். காலில் கொட்டிய தண்ணீரில் அதை முதலில் தெரிந்துகொண்டார்கள்.

அடுத்து திறன். முழுக்கத் தூக்கி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. 10,800 வினாடி. வகுத்தால் 31 வாட். நாலு ஆண்கள், வேகாத வெயிலில், சட்டை நனைய உழைத்து, மங்கலான ஒரு குண்டு பல்புக்கு உரிய திறன். பிள்ளைகளுக்கு நம்ப முடியவில்லை. அந்தப் பெண்தான் கேட்டாள்: "இது பைப்போட கணக்குதானே சார்? அண்ணனுங்க கணக்கு இல்லையே?"

அவர்கள் கணக்கையும் பார்த்தோம். மூன்று மணி நேரத்தில் உண்மையாகத் தூக்கிய நேரம் ஒரு மணிதான். அந்த நேரத்துக்கு மட்டும் வகுத்தால் 94 வாட். மற்ற நேரம் கிளாம்ப் முறுக்கினார்கள், துரு ஏறிய மரையோடு மல்லுக்கட்டினார்கள். செயின் புல்லியில் பாரம் ஒரு மீட்டர் ஏற, கைச் சங்கிலியை நாற்பது மீட்டர் இழுக்க வேண்டியிருந்தது. 710 கிலோவுக்குப் பதினெட்டு கிலோ இழுவை போதும் என்கிறது கணக்கு. அதற்கு மேல் பத்துக் கிலோ இழுக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்து கிலோ இழுவை அத்தனையும் பல்லுக்கும் சங்கிலிக்கும் இடையே உராய்ந்து சூடாகப் போனது. செயின் புல்லியின் உறையைத் தொட்டுப் பாருங்கள் என்றேன். வரிசையாக வந்து தொட்டார்கள்.

எங்கள் ஊருக்கு இன்னொரு ஆய்வுக்கூடம் இருந்தது: மொகிலி கணவாய். சித்தூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 330 மீட்டர், பலமநேர் சுமார் 680. சென்னையிலிருந்து சித்தூர் வழியாகப் பெங்களூருக்குப் போகும் லாரி எங்கள் ஊரைத் தாண்டித்தான் அந்த ஏற்றத்தை ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய பிள்ளைகளோடு சைக்கிளில் போய், இரண்டு கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே லாரிகள் எடுக்கும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் குறிப்போம். 16 டன் லாரி, இருபதுக்கு ஒன்று சரிவு என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 18 கிலோமீட்டரில் ஏறுகிற வண்டி எடை தூக்குவதற்கு மட்டும் 52 எச்.பி. கேட்கும். 36 கிலோமீட்டரில் ஏறினால் அது 105 ஆகிவிடும். மேலே போய்ச் சேர்ந்ததும் இரண்டு வண்டியும் செய்த வேலை ஒன்றுதான். டிரைவர் கியரைக் குறைக்கும் சத்தம் கேட்டால் பிள்ளைகள் சொல்வார்கள்: என்ஜினின் திறன் அதேதான், வேகத்தைக் கொடுத்து விசையை வாங்குகிறார்.

350 மீட்டர் ஏற்றத்துக்கு மொத்தம் 5 கோடியே 49 லட்சம் ஜூல். டீசலில் லிட்டருக்கு மூன்று கோடியே அறுபது லட்சம் இருந்தாலும், என்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்று மிஞ்சித்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். ஏற்றத்துக்கென்றே நாலரை லிட்டர். இறங்கும்போதோ, அத்தனை ஜூலும் எங்கேயாவது போயாக வேண்டும். என்ஜின் பிரேக்கில் கொஞ்சம், காற்றில் கொஞ்சம், மிச்சமெல்லாம் பிரேக் டிரம்மில். 180 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. அதனால்தான் ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். 2024 செப்டம்பரில் அந்தக் கணவாயில் பஸ்ஸும் லாரியும் மோதி உயிர்கள் போயின. அந்த வழியில் போகும்போதெல்லாம் மனம் அந்தக் கணக்குக்குப் போய்விடுகிறது.

எனக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. கடை இல்லை, மாமாவும் இல்லை. 2004இலிருந்து ஆந்திராவில் விவசாயக் கரண்ட் இலவசம். யாரும் யூனிட்டைப் பார்ப்பதில்லை. போர் முந்நூறு அடியிலிருந்து ஆயிரத்தைத் தாண்டி இறங்கிவிட்டது. மோட்டார் விற்கிறவர்கள் ஆழத்தை மட்டும் கேட்டு எச்.பி.யை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். என் தம்பி நிலத்துக்கே ஒரு கடையில் அப்படித்தான் தேவைக்கு மேல் பெரிய மோட்டாரைக் கட்டிக்கொடுத்தார்கள். அது போரில் இருந்த தண்ணீரை ஊறுவதற்குள் இறைத்துத் தீர்த்துவிட்டு, உலர்ந்து ஓடி இரண்டே மாதத்தில் எரிந்தது. ஓடி எரிந்தது.

அன்றைக்கு ஆறு லட்சத்து இருபத்தாறாயிரம் என்று முதலில் பெருக்கிய பையன் இப்போது பம்பு மாட்டும் தொழிலில் இருக்கிறான். போன கோடையில் தோட்டத்திலிருந்து போன் செய்தான். பின்னால் வண்டி ஓடும் சத்தம்.

"சார், போர் ஆயிரத்து நூறு அடி. வினாடிக்கு ஒரு லிட்டர் வேணும்னு கேக்குறாரு. பத்து எச்.பி. போட்டுடட்டா? நான் கணக்குப் போட்டுட்டேன். 335 மீட்டர், 9.8ஆல பெருக்கினா 3,283 வாட், பம்பு நாப்பத்தஞ்சு சதம்னு வெச்சா ஒன்பதே முக்கால் எச்.பி. வருது."

பெருக்கல் சரிதான்.

"தண்ணியை எங்க இருந்து தூக்குறேடா?"

"பம்புல இருந்துதான் சார். ஆயிரத்து நூறு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். கொஞ்ச நேரம் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. பம்பு எங்கே தொங்கினாலும், பைப்புக்கு வெளியே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதுவரைக்கும் பக்கத்துத் தண்ணீரே தாங்கித் தள்ளிவிடும். அதற்கு மேலேதான் மோட்டார் தூக்க வேண்டும். எழுநூறு அடியில் நின்றால் 213 மீட்டர்தான், ஆறேகால் எச்.பி.யில் முடிந்துவிடும்.

"நின்னா எத்தனை அடி, மோட்டார் ஓடும்போது எத்தனை அடின்னு ரெண்டும் வேணும்டா" என்றேன்.

"கயித்துல கல்லைக் கட்டி விட்டுப் பாத்துட்டுச் சொல்றேன் சார். பழைய மோட்டார் இன்னும் உள்ளதான் இருக்குது, ஒரு மணி நேரம் ஓட விட்டு மறுபடியும் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, போனை வைக்காமலேயே யாரிடமோ கயிறு கேட்டுக்கொண்டு நடந்தான்.